துலூஸில் மழை, கதிர்காமத்தில் மாப்பிள்ளை

வேலையில் இருந்த காலத்தில் நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம், "நான் எதையும் அமுக்கலம்மா" என்பதுதான். பள்ளிக்கூட வாத்தியார் சொல்வார், பத்திரம் எழுதுகிறவர் சொல்வார், மாதா கோவிலில் மணியடிக்கும் கோவில்பிள்ளை சொல்வார், மளிகைக்கடைக்காரர் சொல்வார். புதுச்சேரியில் ஒருவரும் ஒன்றையும் அமுக்கியதே கிடையாது. அப்படியிருந்தும் அவர்கள் கம்ப்யூட்டரைத் திறந்தால் தொப்பை கரைக்கும் மாத்திரையும், சொட்டைக்கு எண்ணெயும், "வாழ்த்துகள், நீங்கள் ஒரு கார் வென்றுள்ளீர்கள்" என்ற அறிவிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

அந்த விளம்பரங்களைப் பிடுங்கி எறிவதுதான் என் பணிக்காலத்தின் பின்பாதி முழுக்க என் பிழைப்பாக இருந்தது.

இப்போது எங்கள் சர்வீஸ் சென்டரில் இருக்கும் பிள்ளைகள் யார் வீட்டுக்கும் போவதில்லை. இருந்த இடத்திலிருந்தே வாடிக்கையாளரின் திரைக்குள் நுழைந்து, துடைத்துவிட்டு, வெளியே வந்துவிடுகிறார்கள். சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது ஒரு பெண் கேட்டாள்: "வீட்டுக்கே போய் அப்படி இன்னா மேடம் பண்ணுவீங்க?" நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

நான் மங்கையர்க்கரசி, தவளக்குப்பத்துக்காரி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பிறகு ஒரு ஹார்டுவேர் டிப்ளமோ. பிரிண்டர் ரிப்பேர் பார்க்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ரிப்பனில் கை கறுத்துக் கிடந்த அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்டர்நெட் வந்தது, பிரிண்டரை விட பிரவுசர் அதிகமாகக் கெட்டுப்போனது, நானும் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

எங்கள் மேலாளர் கப்ரியேல் சார். பாதிரிமார் பள்ளியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர். வெயில் எப்படி அடித்தாலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடி துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் எல்லோரும் வேலையில் மூழ்கிவிடுவோம். எதற்கும் "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். மெதுவாக என்று அர்த்தம். சைரன் மாதிரி அலறி "உங்கள் கணினியில் ஆபத்து" என்று ஒரு போலி எச்சரிக்கை வருமே, அதற்கு மட்டும் அவர் பயப்படுவார். அது அலறினால் நாற்காலியை விட்டு எழுந்து வாசல் வரை போய்விட்டு, பிறகு ஏதோ தெருவைப் பார்க்க வந்தவர் போலத் திரும்பி வருவார்.

அவர் எங்களுக்கு வைத்திருந்த முதல் சட்டம் விசித்திரமானது. வாடிக்கையாளர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவுடன், கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"கை வெளியில இருந்தா அது எதையாவது தொடும் மங்கை. தொட்டா தடயம் போச்சு. மொதல்ல அது என்ன ஆட்டம் ஆடுதுன்னு பாரு. எந்த மூலையில வருது, எதைத் தொறந்தா வருது, என்ன விக்குது. அப்புறம் கையை எடு."

வாடிக்கையாளர்கள் இதைப் பார்த்து மிரள்வார்கள். "இன்னாம்மா, குளிருதா? ஃபேனை நிறுத்தவா?" என்று கேட்டவர்கள் உண்டு.

இரண்டாவது சட்டம், வாயைப் பற்றியது. ஒருவருடைய பிரவுசரைத் திறந்தால் அவர் என்ன தேடினார் என்பதெல்லாம் கண்ணில் படும். மூலத்துக்கு மருந்து தேடியிருப்பார், மருமகளுக்குச் சாபம் தேடியிருப்பார். "பார்த்தது கண்ணோட நிக்கணும், வாய்க்கு வரக்கூடாது" என்பார் கப்ரியேல் சார். வெளியில் யாரிடமும் மட்டுமல்ல, அந்த வீட்டுக்குள்ளேயே இன்னொருவரிடமும் சொல்லக்கூடாது.

இப்படி விளம்பரம் கொட்டும் ஆட்வேர் என்பது வைரஸ் மாதிரி கோப்பை அழிக்காது, கம்ப்யூட்டரை முடக்காது. பிரவுசருக்குள் ஒட்டிக்கொண்டு, நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள், என்ன தேடினீர்கள் என்று உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும். பார்த்ததை எவனிடமோ போய்ச் சொல்லும். அவன் அதற்கேற்ற சரக்கை உங்கள் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நீட்டுவான். அதற்குப் பார்வை மட்டும் கொஞ்சம் மங்கல்.

காலாப்பட்டுப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் அஞ்சலை என்று ஒரு அக்கா. நல்ல வஞ்சிரக் கருவாட்டைப் பெட்டியில் அடைத்துச் சென்னைக்கு அனுப்பும் வியாபாரம். ஆர்டர் எல்லாம் லேப்டாப்பில்தான். ஒருநாள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சென்டருக்கே வந்துவிட்டார். மேசைமேல் வைத்ததும் எங்கள் அறை முழுக்கக் கருவாட்டு வாசனை.

"இதுக்குள்ள ஒருத்தன் பூந்துக்கினு என்னை உசுர எடுக்கறான்" என்றார். "நான் மீனுன்னு போட்டா போதும். கண்ணாடித் தொட்டி வாங்கு, கலர் கல்லு வாங்கு, மீனுக்குத் தீனி வாங்குன்னு ஓயாம வந்து நிக்கறான். நான் செத்த மீனை காயப்போட்டு விக்கிறவ. எனக்குப் போய் உசுரு மீனு வளக்கச் சொல்லித் தரான்!"

கப்ரியேல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று அது கோபத்தால் இல்லை, சிரிப்பை மறைக்க.

அஞ்சலை அக்காவின் கோளாறு சின்னது. தள்ளுபடிக் கூப்பன் தேடித் தருவதாகச் சொல்லிக்கொண்டு பிரவுசரில் ஒட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் ஒன்றை நீக்கினேன், தீர்ந்தது. எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரில் நாமாகச் சேர்த்துக்கொள்ளும் ஒட்டுப் பொருள். நல்லதும் உண்டு, இந்த மாதிரியும் உண்டு. பெரும்பாலான கேஸ்கள் இப்படிக் காப்பி குடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். முடியாமல் என்னைத் திணறடித்தது முத்தியால்பேட்டை கேஸ்.

அந்த்வான் முசே ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்; முசே என்றால் ஐயா. நெட்டையான மனிதர். சாயங்காலம் ஆனால் நண்பர்களோடு இரும்புக் குண்டை எறிந்து விளையாடும் பெத்தாங்க் ஆட்டத்துக்குப் போய்விடுவார். அவர் மனைவி பிலோமின் மதாம். மகன் குடும்பத்தோடு பிரான்சில், துலூஸ் நகரத்தில். நான் போன அன்று முசே வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"மதாம், இந்த மெஷின் என் பொண்டாட்டியை வீட்டை விட்டுத் தொரத்திடுச்சு" என்றார்.

நடந்தது இதுதான். பிலோமின் மதாம் பேரனோடு வீடியோவில் பேச லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். திரையின் மூலையில் இரண்டு ரோஜாப் பூவோடு ஒரு விளம்பரம்: "ஐம்பதுக்குப் பிறகும் ஒரு புதிய துணை." ஏதோ வந்துவிட்டது என்று மூடிவிட்டார். மறுநாள்: "மறுமணமா? வெட்கம் எதற்கு?" அதற்கடுத்து, பூசைப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது மாதா படத்தின் மேலேயே, "உங்கள் மனத்துக்கு ஏற்றவர் அருகிலேயே இருக்கிறார்." மதாம் அமைதியாக லேப்டாப்பை மூடி, அமைதியாகப் பையில் துணியை அடுக்கி, ஊருக்குள்ளேயே கதிர்காமத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

"கத்தியிருந்தா பரவாயில்ல மதாம். கத்தவே இல்ல. அதான் பயமா இருக்கு. நான் எதையும் அமுக்கல. சத்தியமா எதையும் அமுக்கல."

உட்கார்ந்தேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்தேன். முசே ஒன்றும் கேட்கவில்லை. ராணுவத்தில் இதைவிட விசித்திரமான உத்தரவுகளைப் பார்த்திருப்பார்.

விளம்பரங்கள் வரத் தொடங்கின. ரோஜாப்பூ. அதற்குப் பின்னால் ஒரு முகம்: காரைக்கால், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், நரைத்த மீசை. அடுத்து ஒருவர், நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு. அடுத்து ஒருவர், புல்லட் மேல் சாய்ந்து நின்றபடி.

"முசே, இவங்க எல்லாரும் ஆம்பளைங்க."

"ஆமா. அதுக்கு?"

"இது மாப்பிள்ளை தேடுறவங்களுக்கு வர்ற விளம்பரம். பொண்ணு தேடுறவங்களுக்கு இல்ல. தேடுனது நீங்க இல்ல."

முசே விடுதலை ஆன கைதி போல எழுந்து நின்றார். உடனே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ரொம்ப நேரம் அடித்த பிறகு மதாம் எடுத்தார்.

"பிலோமின்! சர்வீஸ் மதாம் வந்திருக்காங்க. கண்டுபிடிச்சிட்டாங்க. எல்லாம் ஆம்பளைங்க! ஒண்ணுகூடப் பொம்பளை இல்ல. எல்லாம் மாப்பிள்ளைங்கதான்!"

பிலோமின் மதாமின் குரல் நிதானமாக வந்தது: "ஓகோ. என்னை எவன் தலையிலயாவது கட்டி அனுப்பிட்டு, நீங்க நிம்மதியா குண்டு வெளையாடலாம்னு பாக்குறீங்களா?"

போன் வைக்கப்பட்டது. முசே மெல்ல உட்கார்ந்தார்.

"மதாம், இதுக்கு முன்னாடி இருந்ததே தேவலையே."

வேலையை ஆரம்பித்தேன். ஆரம்பமே சறுக்கல். அந்த லேப்டாப் மகன் பிரான்சில் வாங்கி அனுப்பியது. அதன் கீபோர்டில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். ஹையர் பாஸ் செய்த என் விரல் ஏ அடித்தால் கியூ வந்தது. முசே பக்கத்தில் நின்று, "எடதுபக்கம்... மேல... தூஸ்மான்" என்று ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிக் கொடுத்தார்.

முதலில் நோட்டிஃபிகேஷன் அனுமதிகள். சில தளங்கள் "உங்களுக்கு அறிவிப்பு அனுப்பலாமா" என்று கேட்கும். ஆம் என்று ஒருமுறை சொன்னால் போதும், அந்தத் தளத்தை மூடிய பிறகும் திரையின் மூலையில் வந்து தலையை நீட்டும். முசேயின் பிரவுசரில் அப்படி அனுமதி வாங்கியவை திருவிழாக் கூட்டம் போல இருந்தன.

"முசே, நீங்க எதையும் அமுக்கலைன்னீங்களே?"

"அமுக்கல மதாம். 'ஓத்தொரிஸே'ன்னு கேட்டுச்சு. சரின்னேன். அது அமுக்கறது இல்ல. அனுமதி குடுக்கறது."

எல்லா அனுமதிகளையும் ரத்து செய்தேன். தேடு பக்கம் வேறெதற்கோ மாற்றப்பட்டிருந்தது, அதைச் சரிசெய்தேன். பிரவுசரைத் திறக்கும் ஐகானுக்குப் பின்னால் வேண்டாத முகவரி ஏதாவது சொருகியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பிறகு எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போனேன். ஒன்றே ஒன்று இருந்தது. சின்னதாக ஒரு மேகப் படம். வானிலை சொல்லும் எக்ஸ்டென்ஷன்.

முசேயின் முகம் மாறியது. "அது வேணும் மதாம். துலூஸ்ல மழை வருதான்னு காலையில பாப்பேன். மழைன்னா பேரனுக்குக் குடை எடுத்துக்கச் சொல்லி மெசேஜ் போடுவேன். அவங்க அம்மா மறந்துடுவா."

அந்த மேகம் வாங்கியிருந்த அனுமதியைத் திறந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் பார்க்கும் எல்லா இணையப் பக்கங்களிலும் உள்ள எல்லாத் தகவல்களையும் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி இருந்தது.

"துலூஸ்ல மழையான்னு சொல்றதுக்கு, முத்தியால்பேட்டையில நீங்க என்ன படிக்கிறீங்கன்னு அதுக்கு எதுக்கு முசே?"

முசே யோசித்தார். "ஒற்றன்" என்றார் பல்லைக் கடித்தபடி. "ரெண்டு வருஷமா தெனமும் காலையில அதுக்கு போன்ழூர் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

மேகத்தை நீக்கினேன். மழை பார்க்க ஒரு சாதாரண வானிலைத் தளத்தைக் காட்டிக் கொடுத்தேன். கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை போன். "மதாம், மேகம் திரும்பி வந்துடுச்சு."

மறுபடி போனேன். மறுபடி நீக்கி, பிரவுசரையே புதிதுபோல ஆக்கினேன். கம்ப்யூட்டரில் நிறுவியிருந்த நிரல்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். தானாக ஓடும்படி எதையாவது உள்ளே நியமித்திருக்கிறதா என்று பார்த்தேன். சுத்தமோ சுத்தம். ஆனாலும் அதற்கடுத்த நாள் மேகம் அதே இடத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புல்லட் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்.

முசே இளைத்துப் போயிருந்தார். மூன்று வேளையும் ரொட்டிதான். பெத்தாங்க் ஆடப் போவதில்லை. "அங்க போனா, உன் பொண்டாட்டி எங்கடான்னு கேப்பானுங்க. இன்னான்னு சொல்றது? மேகம்னா?" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஏதோ செய்தது. இது தமாஷான கேஸ் என்று சென்டரில் நானே சொல்லிச் சிரித்துவிட்டு வந்திருந்தேன். இந்த வயதில் ஒரு வீட்டைப் பிரித்துப்போட ஒரு மேகப் படம் போதும் என்பது அப்போதுதான் உறைத்தது.

கப்ரியேல் சாருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ தொடைக்கிற எடம் சுத்தமாத்தான் இருக்கு மங்கை. ஒழுகறது மேல் மாடியிலேர்ந்து. மேல் மாடி யாருதுன்னு பாரு."

புரிந்தது. பிரவுசரில் நம் கணக்கைப் போட்டு உள்ளே போனால், அதே கணக்கு போட்ட இன்னொரு கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் இங்கேயும் வரும். இங்கே நான் எத்தனை முறை நீக்கினாலும், அங்கே ஏதோ ஒன்று மறுபடி மறுபடி ஒட்டவைத்தால் அதுவும் இங்கே வந்து சேரும். முசேயின் கணக்கைத் திறந்தேன். ஆமாம், இன்னொரு லேப்டாப்பும் அதே கணக்கில் இருந்தது. இன்று காலைகூட ஓடியிருக்கிறது. அதில் தேடியவை கீழே வரிசையாகத் தெரிந்தன: "அறுபதுக்கு மேல் மறுமணம் சரியா", "கத்தோலிக்க மாப்பிள்ளை, பிள்ளைகள் செட்டில் ஆனவர்", "கால் வீக்கம் எதனால்", மறுபடி "மாப்பிள்ளை, சிரித்த முகம்".

சட்டென்று அந்தப் பக்கத்தை மூடினேன்.

"முசே, பழைய லேப்டாப் ஏதாவது யாருக்காவது குடுத்தீங்களா?"

"ரோசலிக்குக் குடுத்தேன். மச்சினிச்சி. நர்சா இருந்து ரிட்டயர் ஆனவ. புருஷன் போயிட்டாரு, பசங்க வெளியூர்ல. பாட்டு கேக்கட்டும்னு குடுத்தேன்." பிறகு சாதாரணமாகச் சேர்த்தார்: "பிலோமின் இப்போ அங்கதான இருக்கா."

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. மாப்பிள்ளை தேடியது தங்கை. அடி வாங்கியது மாமா. கோபித்துக்கொண்டு போன அக்கா, போய் உட்கார்ந்திருப்பதே அந்தத் தங்கை வீட்டில். அந்தத் தங்கைக்கும் இதெல்லாம் தன்னால்தான் என்று தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் முசேயின் துன்பம் தீரும். ஆனால் அந்த ஒரு வார்த்தை ரோசலியம்மாவின் ரகசியம்.

வாசலுக்கு வந்து மறுபடி கப்ரியேல் சாரைக் கூப்பிட்டேன். பேர் சொல்லாமல் நிலைமையை மட்டும் சொன்னேன்.

"நம்ம வேலை மெஷினைச் சுத்தம் பண்றது. குடும்பத்தை இல்ல" என்றார். பிறகு கண்ணாடிக் கூடு திறக்கும் சத்தம். கண்ணாடி துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "ஆனா அந்த ரெண்டாவது மெஷினும் நம்ம வேலைதான். போய்ட்டு வா. வாயை மட்டும் இங்கயே வச்சிட்டுப் போ."

கதிர்காமத்தில் சின்ன, துப்புரவான வீடு. பிலோமின் மதாம் கூடத்தில் பெரிய நாற்காலியில், வழக்கு விசாரிக்க வந்த நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். ரோசலியம்மா காப்பியோடு வந்தார். பூப்போட்ட புடவை, ஒல்லியான உடம்பு, சட்டென்று சிரிக்கிற முகம்.

"முசே குடுத்த பழைய லேப்டாப்பையும் பாக்கணும்மா. ரெண்டும் ஒரே கணக்குல ஓடுது" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ரோசலியம்மா காப்பித் தட்டை டக்கென்று மேசையில் வைத்தார். "அது... நல்லாத்தான் ஓடுது. ஒண்ணும் பண்ண வேணாம்."

"எடுத்துக் குடுடி, பாக்கட்டும்" என்றார் அக்கா.

பீரோவில், துணிகளுக்கு அடியிலிருந்து லேப்டாப் வந்தது. பிலோமின் மதாம் நாற்காலியை இழுத்துப்போட்டு என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவரை எழுப்பிவிட நான் என்னென்னவோ செய்தேன். தண்ணீர் கேட்டேன், தங்கை கொண்டு வந்தார். சூடாக வேண்டும் என்றேன், அதையும் தங்கையே கொண்டு வந்தார். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றேன். "கூப்புடட்டும்" என்றார் மதாம்.

வேறு வழியில்லை, திறந்தேன். கையைத் தொடைக்கு அடியில் வைப்பதற்குள் ஒரு விளம்பரம் திரை முழுக்க விரிந்தது. சத்தம் வேறு உச்சத்தில் இருந்தது. "உங்களுக்கான வரன் காத்திருக்கிறார்!" என்று ஒரு பெண் குரல் அடுத்த வீடு வரை கேட்கிற மாதிரி அறிவித்தது. புல்லட்காரர் பல் தெரியச் சிரித்தார்.

"பாத்தியா ரோசலி!" பிலோமின் மதாம் எழுந்தே விட்டார். "இங்கயும் வந்துட்டாரு அந்த மனுஷன்! நான் போற எடமெல்லாம் தொரத்திக்கிட்டு வந்து எனக்கு மாப்பிள்ளை காட்றாரு! இத்தன காலம் குடும்பம் நடத்துன மனுஷனா அவரு? இரு, மகனுக்குப் போன் போடறேன். அப்பனோட லட்சணத்தை அவனும் தெரிஞ்சுக்கட்டும்."

போனைக் கையில் எடுத்துவிட்டார். ரோசலியம்மா என்னைப் பார்த்தார். அவரைப் பார்க்காமல் இருக்க நான் கீபோர்டையே உற்றுப் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு கீபோர்டை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"அக்கா" என்றார் ரோசலியம்மா. "போனை வை. அது மாமாவுக்கு வந்தது இல்ல. எனக்கு வந்தது."

"உனக்கு எதுக்கு வருது?"

"நான் தேடுனேன். அதான் வருது." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "பசங்க ஞாயித்துக்கிழமை போன் பண்ணுதுங்க. மத்த நாள்ல யார்கிட்ட பேசறது? டி.வி. பாத்துக்கிட்டே சாப்புடறேன், டி.வி.யோடயே சண்டை போடறேன். ஒரு மனுஷன் எதிர்ல இருந்தா தேவலைன்னு தோணுச்சு. உன்கிட்ட சொன்னா சிரிப்பேன்னு சொல்லல."

பிலோமின் மதாம் தங்கையைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார்.

"சிரிக்கலடி. ஆனா இவனா? வண்டி மேல சாஞ்சிக்கிட்டு நிக்கிறான். இந்த வயசுல விழுந்தா இடுப்பு என்னத்துக்கு ஆவுறது?"

"அவரு இல்லக்கா. அவரு சும்மா வராரு."

"சரி, அடுத்தது யாரு?"

இப்படியே அக்காவும் தங்கையும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். நான் மெல்ல மவுசை நீட்டி, "இப்ப நீக்கிடறேன்" என்றேன்.

"இரும்மா, நீக்காத" என்றார் பிலோமின் மதாம். "நல்ல நல்ல வரனா வருது."

ஆட்வேரை நீக்காதே என்று ஒரு வாடிக்கையாளர் கெஞ்சியது என் பணிக்காலத்தில் அந்த ஒருமுறைதான். கப்ரியேல் சாரின் சட்டங்களில் இதற்கு ஒன்றும் இல்லை.

"மதாம், வரன் பாக்குறது தப்பில்ல. முறையான தளத்துல நேரா போய்ப் பாருங்க. ஆனா இது வரன் தேடித் தரல. உங்க தங்கச்சி என்ன தேடுறாங்க, எந்த ஊரு, எந்நேரத்துல உக்காந்து பாக்குறாங்கன்னு எல்லாத்தையும் எட்டிப் பாத்து, முகம் தெரியாதவங்களுக்கு வித்துக்கிட்டு இருக்கு."

மதாம் நிமிர்ந்தார். "எங்க வீட்டுப் பொண்ணு கதை கண்டவனுக்கெல்லாம் தெரியுதா?"

"ஆமா."

"தொடை! இப்பவே தொடை! ஒண்ணு விடாம தொடை!"

துடைத்தேன். நிரல்களின் வரிசையில் அதே மேகம் முழு நிரலாகவே நிறுவப்பட்டிருந்தது. கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் விழித்துக்கொண்டு, எக்ஸ்டென்ஷனை மறுபடி ஒட்டவைக்கும்படி உள்ளே ஒரு வேலையையும் நியமித்து வைத்திருந்தது. முதலில் அந்த வேலையை அழித்தேன், பிறகு நிரலை, கடைசியாக எக்ஸ்டென்ஷனை. வரிசை மாறினால் அது தப்பித்துக்கொள்ளும். நோட்டிஃபிகேஷன் அனுமதிகளை ரத்து செய்தேன். முசேயின் கணக்கிலிருந்து அந்த லேப்டாப்பை வெளியேற்றி, ரோசலியம்மாவுக்குத் தனியாகக் கணக்கு தொடங்கினேன். பாஸ்வேர்டு போடும்போது அக்காவைத் திரும்பி உட்காரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்.

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தால், பிலோமின் மதாமும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் ரோசலியம்மாவும். ஏன் என்று இருவரும் கேட்கவில்லை, வைத்தியத்தில் அதுவும் சேர்த்தி என்று நினைத்திருப்பார்கள். மூன்று பேரும் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. நல்லவேளையாக அப்போது வீட்டுக்கு யாரும் வரவில்லை.

மறுநாள் மதாம் முத்தியால்பேட்டைக்குத் திரும்பினார். நான் முசேயின் லேப்டாப்பைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கப் போயிருந்தேன். மதாம் பையை வைத்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், "பொத்தானை ஒழுங்கா போடுங்க" என்றார், சமையலறைக்குள் போய்விட்டார்.

"மன்னிப்பு கேக்கவே இல்லையே முசே?" என்றேன் மெதுவாக.

"கேட்டாளே மதாம். பொத்தானைப் பத்தி இப்போ சொன்னாளே, அதுதான்" என்றார் முசே. அவர் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது. அன்று மாலையே குண்டு விளையாடக் கிளம்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ரோசலியம்மா ஒரு திருமணத் தளத்தில் தானே நேராகப் பதிவு செய்தார். பிலோமின் மதாம் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு விசாரித்தார். அந்த விசாரணையில் பலர் பாதியிலேயே ஓடிவிட்டார்களாம். தப்பிப் பிழைத்தவர் கடலூரில் இருந்த சூசை என்கிற ஓய்வுபெற்ற தபால்காரர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். ரோசலியம்மாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கல்யாண விருந்துக்கு எனக்கும் கப்ரியேல் சாருக்கும் அழைப்பு வந்தது. பிலோமின் மதாம் என் கையைப் பிடித்துப் பந்தி பந்தியாக அழைத்துப் போனார். "இவங்கதான் மங்கையர்க்கரசி. இந்தக் கல்யாணமே இவங்களாலதான். வரன் பாத்துக் குடுத்ததே இவங்கதான்."

"ஐயோ, நான் அந்த வேலை செய்யறவ இல்ல" என்று நான் பதறினேன். பக்கத்து இலையில் இருந்த கப்ரியேல் சார், "தூஸ்மான் மங்கை, மொதல்ல சாப்புடு" என்றார். உண்மையை எடுத்துச் சொல்லாமல் அவர் வாயை மூடிக்கொண்டது என் தலையில் விடிந்தது.

அடுத்த வாரமே சென்டருக்கு ஒரு அம்மா மகளின் போட்டோவோடு வந்தார். அதற்கடுத்து இன்னொருவர், ஜாதகத்தோடு. கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று போர்டில் இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறதே என்று காட்டினால், "ஆமாங்க, இப்ப எல்லாமே கம்ப்யூட்டர்லதான" என்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கூட்டம் என் வீட்டுக்கு மாறிவிட்டது. ஆட்வேருக்காக யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை, அதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட ஒரு போன். வில்லியனூரிலிருந்து ஒரு அம்மா.

"மங்கையர்க்கரசி அம்மாங்களா? பையனுக்கு ஒரு எடம் பாக்கணுங்க."

"நான் கல்யாண வேலை பாக்குறவ இல்லம்மா. விளம்பரத்தை எடுக்கிறவ."

"அப்படித்தாங்க சொன்னாங்க. விளம்பரமே பண்ணிக்க மாட்டாங்க, ஆனா பாத்துக் குடுத்தா கரெக்டா இருக்கும்னு."

அந்த அம்மா போனை வைப்பதாகத் தெரியவில்லை. எழுதிக்கொண்டிருந்த நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினேன்.

"பையன் இன்னா வேலை பாக்குறாரு?" என்று கேட்டேன்.